உச்சி தாண்டினால் வெளுக்கும்

பிறர் அழுக்கைத் துவைப்பதில் என்ன பெரிய குடும்ப கௌரவம் இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கால்வாய்த் தெருச் சலவைக்கடைக்காரரின் முதுகைப் பார்த்ததில்லை. அவர் சட்டையை நிமிர்த்துகிறாரா, சட்டை அவரை நிமிர்த்துகிறதா என்று சொல்ல முடியாத முதுகு அது. தும்பைப் பூப்போல வெளுப்பவர் என்பதால் ஊரில் அவருக்குத் தும்பையார் என்று பெயர். அவருடைய அப்பாவுக்கும் அதே பெயர்தான். வீடு, கடை, கிணறு இவற்றோடு அந்தப் பெயரையும் அவர் மகனுக்கு விட்டுப் போயிருந்தார். கூடவே ஒரு கட்டளையும் இருந்தது. கறையோடு ஒரு துணி இந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது.

தும்பையாருக்கு ஒரே மகள். அவளை உணவுவிடுதிக்காரரின் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் பெரியவர்கள் பேசுவதற்கு முன்பே மேசைவிரிப்புகள் பேசி முடித்துவிட்டன. விடுதியின் வெள்ளை விரிப்புகள் எல்லாம் தும்பையார் கடைக்குத்தான் வரும். கொண்டுவந்து போடுகிறவன் விடுதிக்காரரின் மகன், வாங்கி எண்ணி வைக்கிறவள் தும்பையாரின் மகள். சுத்தமான விரிப்புகளையும் அவன் மறுபடி துவைக்கக் கொண்டுவர ஆரம்பித்தபோது பெரியவர்களுக்கு விஷயம் புரிந்தது. நல்ல இடம், கௌரவமான குடும்பம். நிச்சயதார்த்தத்துக்குத் தேதி பார்ப்பதுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் கிணறு நிறம் மாறியது.

கால்வாய்க்கு மேற்புறத்தில் புதிதாக ஒரு சாய ஆலை வந்திருந்தது. அதன் குழாய் கால்வாயில் வாய் வைத்திருந்தது. கால்வாயை ஒட்டியதுதான் தும்பையாரின் கிணறு. ஒரு காலை அவருடைய தம்பி தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார்.

"அண்ணே, விரிப்புக்கு நீலம் போட்டாச்சா?"

"இன்னும் போடலையே."

"அப்போ கிணறே போட்டுக்கிச்சு."

தம்பிக்கு எதையும் வேடிக்கையாகச் சொல்லித்தான் பழக்கம். ஆனால் அன்று அவரும் சிரிக்கவில்லை. விரிப்புகள் ஏற்கெனவே தொட்டிக்குள் இருந்தன. எத்தனை சோடா போட்டாலும், எத்தனை முறை ஆவியில் வைத்தாலும், மயில்கழுத்துக் கருநீலத்தில் வெளியே வந்தன.

விடுதிக்காரர் நேரில் வந்தார். ஒரு விரிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"என் விடுதிக்கு வர்றவன் முதல்ல சாப்பாட்டைப் பாக்க மாட்டான். விரிப்பைத்தான் பாப்பான்."

"சம்பந்தி, தண்ணியில ஏதோ கோளாறு. நான் சரி பண்ணிடறேன்."

"பண்ணுங்க. விரிப்பு வெளுக்கட்டும், அப்புறம் தேதியைப் பேசுவோம். துணிக்கே இந்த கதின்னா நாலு பேரு குடும்பத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க, சொல்லுங்க. வரேன் கடைக்காரரே."

அவர் விரிப்பைத் திருப்பிப் போட்டதைத் தும்பையார் பொறுத்துக்கொண்டார். தேதியைத் தள்ளியதையும் பொறுத்துக்கொண்டார். வரும்போது சம்பந்தியாக வந்தவர், போகும்போது தன்னைக் கடைக்காரர் ஆக்கிவிட்டுப் போனதை அவரால் பொறுக்க முடியவில்லை. உள்ளே மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "அப்பா, நான் விரிப்பைக் கட்டிக்கப் போறேனா, அவரு பையனைக் கட்டிக்கப் போறேனா?"

"ரெண்டும் ஒரே மடிப்புதாம்மா," என்று சொல்லிவிட்டு அவர் கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வளர்ச்சி வாரியத்துக்குப் புறப்பட்டார். அந்த நாட்டில் ஆலை, ஆறு, காற்று, கால்வாய் எல்லாவற்றுக்கும் பொறுப்பு அந்த வாரியம்தான்.

வாரியக் கட்டடத்தில் ஏறுவதற்கு அகலமான பளிங்குப் படிக்கட்டு இருந்தது. இறங்குவதற்கான படிக்கட்டுக்கு இடம் மட்டும் விடப்பட்டிருந்தது. இறக்கம் தானாகவே வரும் என்பது வாரியத்தின் கொள்கை. அதனால் அதற்கென்று கொத்தனார் வைக்கவில்லை. அதுவரை இறங்க வேண்டியவர்கள் ஏறும் படியிலேயே, முகத்தை மேல்நோக்கி வைத்துக்கொண்டு பின்னங்காலால் இறங்க வேண்டும். அப்போது பார்க்கிறவர்களுக்கு அவர்கள் ஏறுவதுபோலவே தெரியும்.

மாடிக் கூடத்தின் சுவரில் தரையிலிருந்து விட்டம் வரை ஒரு மலை வரைந்திருந்தார்கள். மலை என்றால் ஒற்றைக் கோடுதான். இடப்பக்கம் ஏறி, உச்சிக்குப் போய், வலப்பக்கம் இறங்கியது. ஏறும் பக்கத்தில் ஊரிலுள்ள ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சிவப்பு ஊசி குத்தியிருந்தது. இறங்கும் பக்கத்தில் பூவும் பறவையும் வரைந்திருந்தார்கள், ஊசி ஒன்றுகூட இல்லை. கோட்டுக்குப் பொறுப்பான மலை அதிகாரி, உள்ளே வந்ததும் முதலில் சுவரைக் கும்பிட்டார். பிறகுதான் தும்பையாரைப் பார்த்தார்.

"என்ன விஷயம்?"

"என் கிணறு நீலமாயிடுச்சுங்க."

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து கை கொடுத்தார். "வாழ்த்துகள்!"

"நான் புகார் சொல்ல வந்திருக்கேன்."

"சந்தோஷத்துல சில பேருக்கு வார்த்தை மாறிடும். பரவாயில்ல, உக்காருங்க." அவர் ஒரு நீண்ட கோலை எடுத்துக் கால்வாய்த் தெருவின் ஊசியைக் காட்டினார். "இத்தனை வருஷமா உங்க தெரு அடிவாரத்துலயே கிடந்துச்சு. எனக்கே பாத்துப் பாத்து வருத்தமா இருக்கும். இப்போ பாருங்க." ஊசியைப் பிடுங்கிக் கொஞ்சம் மேலே குத்தினார். பக்கத்தில் நின்ற உதவியாளர் ஒரு மணியை அடித்தார்.

"எனக்குப் புரியலீங்க."

"சொல்றேன். நாடு வளர வளர அழுக்கு ஏறும். ஏறணும். ஏறி ஏறி ஒரு உச்சிக்கு வரும். உச்சியைத் தாண்டிட்டா தானா வெளுக்கும்."

"யாரு வெளுப்பாங்க?"

"தானா."

"தானா எதுவும் வெளுத்து நான் பாத்ததில்லீங்க. என் தொழிலே அதுதான்."

"அதனாலதான் உங்களுக்குப் புரியல. தொழில் செய்யறவங்களுக்குக் கொள்கை புரியறது கொஞ்சம் கஷ்டம்." அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொன்னா மனசு கஷ்டப்படக் கூடாது. உங்க கிணறு இத்தனை காலம் எங்க கணக்குலயே இல்ல. அது பாட்டுக்குச் சும்மா தண்ணி குடுத்துட்டு இருந்துச்சு. சும்மா கிடைக்கறதை நாங்க எப்படி வளர்ச்சின்னு சொல்றது? இப்போ என்ன ஆகும்? தண்ணிக்கு லாரி வரும். வடிகட்டி வாங்குவீங்க. கையில அரிக்கும், டாக்டர்கிட்ட போவீங்க. டாக்டர் மருந்துக்கடைக்கு அனுப்புவாரு. ஒரு கிணறு செத்து நாலு தொழிலைப் பெத்துப் போட்டிருக்கு." அவர் கை கூப்பினார். "தாயி!"

அம்மா செத்ததற்குப் பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்பவர்களை அன்றுதான் தும்பையார் முதன்முதலாகப் பார்த்தார். எழுந்து நின்றார். படியில் முகத்தை முன்னால் வைத்தே இறங்கப் பார்த்தார். காவலாளி தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினான். பரம்பரையாக எவனுக்கும் வளையாத முதுகு அது. அதை முன்னால் விட்டு, பின்னங்காலால் தடவித் தடவி அவர் அந்தப் பளிங்குப் படிகளில் இறங்கினார். கீழே காத்திருந்த தம்பி அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, அவங்களும் கறையை எடுக்கலையா?"

"எடுக்கல. ஆனா நான் எடுப்பேன்," என்றார் தும்பையார். எதைச் சொல்கிறார் என்று தம்பிக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்தடுத்து மரியாதைகள் வந்து சேர்ந்தன. தெருமுனையில் 'உச்சியை நோக்கி' என்று எழுதிய ஒரு வளைவு வைத்தார்கள். வளைவுக்கு நட்ட கம்பம் பட்டு ஒரு சாக்கடைக் குழாய் உடைந்து, அதுவும் கால்வாயில் கலந்தது. அதற்காக இன்னொரு மணி அடித்தார்கள். பக்கத்து வீட்டுக் கிணறு இன்னும் தெளிவாக இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்குப் 'பின்தங்கிய கிணறு' என்று பலகை மாட்டினார்கள். அந்த வீட்டம்மாள் வெட்கத்தில் சில நாள் வெளியே தலைகாட்டவில்லை. ஆலைக்கு இரண்டாவது குழாய் வந்தபிறகுதான் அவள் கிணறும் முன்னேறியது. காலையில் ஊதா, உச்சிவேளையில் துருநிறம், மாலையில் கருநீலம் என்று ஆலையில் என்ன சாயம் போடுகிறார்களோ அதுவே தெருவின் தண்ணீர் ஆனது. "மாசக் கடைசியில கோடு போட்ட சட்டையே வரும் பாருங்க," என்றார் தம்பி.

பிறகு மீன் விவகாரம் வந்தது.

கால்வாயில் இன்னும் ஒரு மீன் உயிரோடு இருப்பதாக யாரோ வாரியத்துக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். மீன் இருக்கும்வரை ஒரு தெருவை உச்சியில் வைக்க விதியில்லை. மலை அதிகாரி குடையும் மூக்குக்குத் துணியுமாகக் கரைக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உண்மைதான். விரல் நீளத்தில் ஒரு மீன், தான் எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று தெரியாமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"இது தெருவுக்கே கெட்ட பேரு," என்றார் அதிகாரி.

"இது எங்க தெரு மீனே இல்லீங்க," என்றார் தம்பி. "வெளியூரு. வழி தெரியாம வந்துருச்சு."

"சீக்கிரம் போயிடுமா?"

"போற மாதிரிதாங்க தெரியுது."

மதியச் சாயம் வந்து சேர்ந்ததும் மீன் வயிற்றை வானத்துக்குக் காட்டியது. அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். கூட வந்தவர்களும் தட்டினார்கள். அன்றே தும்பையார் மறுபடியும் பளிங்குப் படி ஏறினார். மீன் செத்தாயிற்று, இனி உச்சிதானே, உச்சிக்கு அந்தப் பக்கம் எப்போது தொடங்கும் என்று கேட்க வேண்டியிருந்தது. கூடத்தில் சாரம் கட்டி, விட்டத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். சுவர்க்கோடு விட்டத்தைப் பொத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போயிருந்தது.

"உச்சியை மேல மாத்திட்டோம்," என்றார் அதிகாரி, தலையிலிருந்த காரையைத் தட்டிக்கொண்டே. "நாட்டோட ஆற்றலை நாங்க குறைச்சு மதிப்பிட்டுட்டோம்."

தும்பையார் படி இறங்கினார். வீட்டுக்கு வந்தார். மனைவியின் விரலிடுக்குகள் வெந்து உரிந்திருந்தன. அவற்றுக்கு மருந்து தடவியபடி மகள் உட்கார்ந்திருந்தாள். விடுதிக்காரரின் நீல விரிப்புகள் கொடியில் அப்படியே தொங்கின. தும்பையார் கடைக்குப் பூட்டுப் போட்டார். அப்பா கைக்கு வந்த நாளிலிருந்து பூட்டாத கதவு அது. பூட்டின் வாய் துருப்பிடித்திருந்ததால் எண்ணெய் விட வேண்டியிருந்தது.

பூட்டின் சத்தம் வாரியத்துக்குக் கேட்டுவிட்டது. உச்சிக்கு அருகில் இருக்கும் தெருவில் ஒரு கடை மூடினால் கோட்டில் ஒரு பள்ளம் விழும். அதைவிடப் பெரிய சிக்கலும் இருந்தது. வளர்ச்சி நாள் விழா வந்துகொண்டிருந்தது. அன்று வாரியத் தலைவரும் உறுப்பினர்களும் உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடுத்தி மேடை ஏறுவார்கள். மலைக்கு அந்தப் பக்கத்தில் நாடு எப்படி வெளுத்திருக்கும் என்று மக்களுக்குக் காட்டுவதற்காக. அந்த உடுப்பை, எந்தத் தெரு அதிக உயரத்தில் இருக்கிறதோ அந்தத் தெருவில்தான் சலவை செய்ய வேண்டும் என்பது வாரியமே ஏற்படுத்திக்கொண்ட சடங்கு. இதுவரை எந்தத் தெரு உயரத்தில் இருந்தாலும், உடுப்பை மட்டும் எப்படியோ தும்பையாரிடம் தள்ளிவிட்டுச் சமாளித்தார்கள். இந்த ஆண்டு உயரத்தில் இருந்ததே தும்பையாரின் தெருதான்.

தலைவரே நேரில் வந்தார். பரந்த, பளபளப்பான முகம். பின்னால் உறுப்பினர்கள், அவர்களுக்குப் பின்னால் மலை அதிகாரி, எல்லாருக்கும் பின்னால் வேடிக்கை பார்க்கத் தெரு. பாட்டில் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் தலைவர் கடைப்படியில் ஏறி நின்று பேசினார்.

"கால்வாய்த் தெரு மக்களே! உங்களை நினைச்சா எனக்குப் பொறாமையா இருக்கு. நாடே உங்களைப் பாத்துத்தான் மூச்சு விடுது. இருமல் மருந்து விக்கறதுல இன்னிக்கு நாமதான் முதலிடம். ஆஸ்பத்திரி கட்டுறதுல முதலிடம். எதனால? உங்களால! சில பேரு கேக்கறாங்க, உங்க வீட்டுல மட்டும் ஏன் தண்ணி தெளிவா இருக்குன்னு. நல்ல கேள்வி. நாங்க ஏற்கெனவே அந்தப் பக்கம் போயிட்டோம். போய் உங்களுக்காகக் காத்துட்டு இருக்கோம். தலைவர்னா முன்னாடி போகணும்ல?"

தெரு கைதட்டியது. கைதட்டாதவர்கள் இருமினார்கள்.

"தும்பையாரே, கடையைத் திறங்க. விழா உடுப்பு உங்க கையாலதான் வெளுக்கணும்."

தும்பையார் நிமிர்ந்து நின்றார். "துவைக்கறேங்க. ஆனா என் கிணத்துத் தண்ணியிலதான் துவைப்பேன். சாயம் ஏறும். இப்பவே சொல்லிட்டேன். பின்னாடி சொல்லலைன்னு இருக்கக் கூடாது."

தலைவரின் சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் நின்றது. "தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்களா?"

தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த நாட்டில் அந்த வாக்கியத்தைச் சொன்னவர்கள் வளர்ச்சிக்குப் பகைவர்கள். ஆலையில் வேலை செய்கிறவன் சொன்னால் வேலை போகும், அதிகாரி சொன்னால் பதவி போகும்.

"நான் சொல்லலீங்க. நீங்க பெரியவங்க, நீங்களே சொல்லுங்க. நல்ல தண்ணியா, கெட்ட தண்ணியா?"

"நல்ல தண்ணி."

"உங்க உடுப்பை இதுல துவைக்கலாமா?"

"இதுலதான் துவைக்கணும்!"

"தெரு கேட்டுச்சா?" என்று தும்பையார் திரும்பிக் கேட்டார்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றது தெரு. தம்பியின் குரல்தான் அதில் உரக்க இருந்தது.

தும்பையார் பூட்டைத் திறந்தார். அவர் செய்தது முழுக்க முழுக்க நேர்மையான சலவை. தொட்டியில் ஒரு சிட்டிகை வேறு எதையும் சேர்க்கவில்லை. சோடா போட்டார், ஆவியில் வைத்தார், அலசினார். கஞ்சி போட்டு, கத்தி முனைபோல மடிப்பு எடுத்தார். உறுப்பினர்களின் உடுப்பு காலைத் தண்ணீரிலும் மதியத் தண்ணீரிலும் நனைந்தது. தலைவரின் உடுப்பு மட்டும் மாலைக் கருநீலத்துக்காகக் காத்திருந்தது. அவருடைய கைக்குட்டைக்குத் தனித்தொட்டி கொடுத்தார். தலைவருக்குரிய மரியாதையைக் குறைக்கக் கூடாதல்லவா? எல்லாவற்றையும் காகிதத்தில் கட்டி முத்திரை வைத்து அனுப்பினார்.

விழா மண்டபத்தில் நாட்டின் முக்கியமானவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். சாப்பாட்டுப் பொறுப்பு விடுதிக்காரருக்கு. உடைமாற்றும் அறையில் கட்டுகளைப் பிரித்தார்கள். ஊதாவில் சிலர், துருநிறத்தில் சிலர், நடுவில் இடி மழைக்கு முந்திய வானம்போலத் தலைவரின் உடுப்பு.

"இது என்னய்யா?" என்றார் தலைவர்.

மலை அதிகாரி அதைத் தடவிப் பார்த்தார். மடிப்பை மெச்சினார். "வெள்ளைதான் சார்."

"கண்ணு தெரியலையா உனக்கு?"

"நல்ல தண்ணியில துவைச்ச துணி சார். நீங்களே தெருவுக்கு முன்னாடி சொல்லிட்டீங்க. வெள்ளை இல்லைன்னா..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் யார் பதவி போகும் என்று அறையிலிருந்த எல்லாருக்கும் தெரியும். பேசாமல் உடுத்திக்கொண்டார்கள். திரை விலகியது. பின் வரிசையில் யாரோ ஒருவர் தும்முவதுபோலச் சிரித்தார்.

தலைவர் அசரவில்லை. "பாருங்கள்! இந்தத் தூய வெண்மையைப் பாருங்கள்!" என்று தொடங்கினார். மேடை விளக்குகளின் சூட்டில் அவருக்கு வியர்த்தது. வழக்கம்போல நாட்டை நினைத்துக் கண்ணும் கலங்கியது. கைக்குட்டையை எடுத்தார். நெற்றியைத் துடைத்தார், கன்னத்தைத் துடைத்தார், கழுத்தைச் சுற்றித் துடைத்தார். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் முகம் ஒரு படி முன்னேறியது. அவர் 'நாம் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம்' என்று கேட்டபோது, நெற்றியும் கன்னமும் காதும் ஒரே கருநீலமாகி, பல் மட்டும்தான் பழைய நிறத்தில் இருந்தது.

"உச்சி வந்துருச்சு டோய்!" என்று மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. மண்டபம் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. கையில் தட்டோடு ஓரத்தில் நின்ற விடுதிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த நிறத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார். அவருடைய மேசைவிரிப்பின் நிறம்.

மறுநாள் தலைவர் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு கடைக்கு வந்தார். கையில் அந்த உடுப்பு. தெரு ஒன்றும் தெரியாததுபோல வாசல்களுக்கு வந்து நின்றது.

"இதை வெளுத்துக் குடு."

"வெளுத்ததுதானேங்க?"

"விளையாடாதே. சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். முகம் எரியுதே தவிர நிறம் போகல. வெளியில தலை காட்ட முடியல."

தும்பையார் நாற்காலியிலிருந்து எழுந்து கை கொடுத்தார். "வாழ்த்துகள்!"

"என்னது?"

"சாயம் ஏறும். ஏறணும். ஏறி ஏறி ஒரு உச்சிக்கு வரும். உச்சியைத் தாண்டிட்டா தானா வெளுக்கும். உடுப்பு இன்னும் உச்சிக்கு வரல, அவ்வளவுதான். இன்னும் ரெண்டு முக்கு முக்கினா வந்துடும். தம்பி, தொட்டியைத் திற!"

"வேண்டாம்!"

"முகத்தையும் சேர்த்து முக்கிடலாங்க. இதுக்கெல்லாமா சங்கடப்படறது? எங்க வீட்டம்மா கையெல்லாம் உரிஞ்சு போச்சு, டாக்டர்கிட்டயும் போயாச்சு. உங்க கணக்குல எவ்வளவு பெரிய லாபம்! உங்க முகத்துக்கு ஒரு ஆஸ்பத்திரியே கட்டலாம்."

தம்பி தொட்டியைத் திறந்தார். மாலைத் தண்ணீர் வரும் நேரம். தலைவர் அந்தத் தண்ணீரைப் பார்த்தார். அதற்கு அவ்வளவு பக்கத்தில் அவர் நிற்பது அதுவே முதல்முறை. நாற்றம் மூக்கில் ஏறியதும் ஓர் அடி பின்வாங்கினார்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"ஒரு வார்த்தை. இந்தப் படியில நின்னு, தெருவைப் பாத்து, தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்லணும். சொன்னீங்கன்னா சாயத்தைப் பத்தி எங்கப்பா எனக்குச் சொல்லிக்குடுத்ததை நானும் உங்களுக்குச் சொல்றேன்."

"சொன்னா என் பதவி போயிடும்யா."

"சொல்லலைன்னா தொட்டி இருக்கு."

சால்வைக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. தலைவர் படியில் நின்று முணுமுணுத்தார்.

"தெருக்கோடிக்குக் கேக்கலீங்க."

"தண்ணி கெட்டுப்போச்சு."

"மூக்குத்துணி கட்டிக்கிட்டுச் சொன்ன மாதிரி இருக்கு. முகத்தைக் காட்டிச் சொல்லுங்க."

சால்வை விழுந்தது. கருநீல முகத்தோடு, தொண்டை நரம்பு புடைக்க, தலைவர் கத்தினார். "தண்ணி கெட்டுப்போச்சு!"

தெருவில் யாரும் கைதட்டவில்லை. யாரும் இருமக்கூட இல்லை.

"இப்பச் சொல்லு," என்றார் தலைவர். "எப்படி வெளுக்கும்?"

"வெளுக்காதுங்க."

"என்ன?"

"ஏறினது ஏறினதுதான். அதுதான் எங்கப்பா சொன்னது. உச்சிக்கு அந்தப் பக்கம்னு ஒண்ணு கிடையாது. இருந்திருந்தா எங்க கொடியில தொங்கற விரிப்புலதான் முதல்ல பாத்திருப்பேன்." தும்பையார் உடுப்பை வாங்கிக் கத்தி முனைபோல மடித்து அவர் கையில் வைத்தார். "போயிட்டு வாங்க. படி பாத்து. முகத்தை இந்தப் பக்கம் வெச்சுக்கிட்டு, பின்னங்காலால இறங்குங்க."

தலைவர் இறங்கினார். பழக்கமில்லாத கால் கடைசிப் படியைத் தவறவிட்டது. தொட்டியிலிருந்து தெருவுக்கு வழிந்திருந்த நல்ல தண்ணீரில்தான் விழுந்தார்.

அன்றே அவர் பதவி போயிற்று. புதிதாக வந்த தலைவர் ஆலையின் குழாய்கள் இரண்டையும் மூட உத்தரவிட்டார். கால்வாயை நினைத்து அல்ல. அடுத்த வளர்ச்சி நாளுக்குத் தனக்கு உடுப்பு வேண்டுமே என்று நினைத்துத்தான். ஆனால் குழாய் மூடியும் கிணறு வெளுக்கவில்லை. தும்பையார் வெள்ளைத் துணி வாங்குவதை நிறுத்திவிட்டார். வெளுக்க முடியாததை வெளுப்பேன் என்று சொல்வது வாரியத்தின் தொழில், தும்பையாரின் தொழில் அல்ல. புதிய தலைவர் ஆள் அனுப்பியபோதும் வாசலோடு திருப்பி அனுப்பினார்.

பிறகு ஒரு நாள் விடுதிக்காரர் வந்தார். தலையைத் தாழ்த்திக்கொண்டே படி ஏறினார்.

"சம்பந்தி..."

"வாங்க, விடுதிக்காரரே."

அவர் அந்த இடத்திலேயே நின்றார். பிறகு மெல்ல, "தப்பு என்னுதுதான். தேதி பேசலாம்னு வந்தேன்," என்றார்.

"விரிப்பு வெளுத்தாத்தானே தேதி?"

"அந்தப் பேச்சை விடுங்க."

"விடமாட்டேன். விரிப்பு வெளுக்கல, இனிமேலும் வெளுக்காது. நிச்சயதார்த்தத்துக்கு உங்க விடுதியில அந்த நீல விரிப்பைத்தான் விரிக்கணும். முதல் மேசையில நீங்க உக்காரணும். வர்றவங்க ஏன் நீலம்னு கேப்பாங்க. கேக்கற ஒவ்வொருத்தருக்கும் நீங்கதான் எழுந்து நின்னு பதில் சொல்லணும். யாரு கெடுத்தான், யாரு பாத்துட்டு சும்மா இருந்தான், யாரு யாரைக் கடைக்காரர்னு கூப்பிட்டான், எல்லாத்தையும்."

கதவுக்குப் பின்னால் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. விடுதிக்காரர் கொடியில் தொங்கிய விரிப்புகளைப் பார்த்தார். தும்பையாரின் முதுகைப் பார்த்தார். சரி என்றார்.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. சாப்பாடு பிரமாதம் என்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். விடுதிக்காரர் கடைசிவரை உட்காரவே இல்லை.